வில்லிசையும் விளையாட்டுக் களமும்: மாற்றுத்திறன் இளைஞரின் குரலைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், இராதாபுரம் வட்டத்தில், செம்மண் தேரியும் பனங்காடும் கடலும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் நிலப்பரப்பில் அமைந்த கூடங்குளத்தை, 2013ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மின்கட்டமைப்போடு இணைந்த அணு உலையின் காரணமாகவே வெளியுலகம் அறிந்து வைத்திருக்கிறது. அவ்வூரையும் அதைச் சூழ்ந்த இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி, கூட்டப்புளி முதலிய கடற்கரைக் கிராமங்களையும் உள்ளிருந்து அறிந்தவர்களுக்கோ வேறொரு விஷயம் தெரியும். ஒரு புதிய செய்தி அங்கே ஜனங்களின் நெஞ்சில் இறங்கி நிலைக்க வேண்டுமானால், அது துண்டுப் பிரசுரமாகவோ அரசாங்க அறிக்கையாகவோ வந்தால் போதாது. அம்மன் கோயில் கொடையிலோ மாதா கோயில் திருவிழாவிலோ ஒலிபெருக்கி கட்டிய பந்தலில் பாட்டாகப் புறப்பட வேண்டும்.

இத்தகைய ஒரு கிராமத்தில் பனையிலிருந்து தவறி விழுந்து முதுகுத்தண்டு முறிந்த இளைஞன் ஒருவனோ, பெருமூளை வாதத்தால் கால்கள் வலுவிழந்த பெண்ணொருத்தியோ, பிறவியிலேயே பார்வை இல்லாத சிறுவனோ, தங்களுக்கென்று விளையாட்டுகள் உண்டென்பதையும், அவற்றுக்குத் திட்டமான விதிகளும் போட்டிகளும் பரிசுகளும் உண்டென்பதையும் எவ்வாறு அறிவார்கள் என்பது ஒரு கேள்வி. அவர்கள் அறிந்து களத்தில் இறங்கினாலும், அந்த ஆட்டத்தை ஆட்டமாகவே கண்டு ரசிக்க ஊரார் எவ்வாறு பழகுவார்கள் என்பது அதனினும் பெரிய கேள்வி. இவ்விரு கேள்விகளுக்கும் இசையே தகுந்த சாதனம் என்பதும், அந்த இசை மாற்றுத்திறன் கொண்ட இளைஞர்களின் கையிலேயே இருக்க வேண்டும் என்பதும், அது இரக்கத்தை யாசிப்பதை விட்டு விளையாட்டின் விதியைக் கற்பிக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

பாட்டு கிடைத்தது, களம் கிடைக்கவில்லை

உடற்குறை உடையவருக்குத் தமிழ்ச் சமூகம் இசையிலும் கவிதையிலும் ஓர் இடத்தைப் பழங்காலந்தொட்டே ஒதுக்கி வைத்திருந்தது. 14, 15ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவர்களாகக் கருதப்படும் இரட்டைப் புலவர்களில் ஒருவர் பார்வையற்றவர். மற்றவர் கால் முடமானவர். காலில்லாதவரைக் கண்ணில்லாதவர் தோளில் சுமக்க, கண்ணில்லாதவருக்கு மற்றவர் வழி காட்ட, ஊர் ஊராகச் சென்று இருவரும் வெண்பாவின் முன்னடியையும் பின்னடியையும் பகிர்ந்து பாடினார்கள் என்று கர்ண பரம்பரைச் செய்தி கூறுகிறது. அந்தகக்கவி வீரராகவ முதலியாரும், மூன்று வயதில் அம்மை நோயால் கண்ணொளி இழந்தும் இராமநாதபுரம் சமஸ்தானத்தில் கௌரவம் பெற்ற பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலரும், கண்பார்வை இல்லாமையால் தம் புலமைக்கு யாதொரு குறையும் நேராமல் விளங்கியவர்கள்.

நம் காலத்திலும் அந்த இடம் மறையவில்லை. பேருந்து நிலைய வாசலிலும் கடைவீதி முனையிலும், சிறிய ஒலிபெருக்கிப் பெட்டியும் மின்னிசைப் பலகையும் வைத்துக்கொண்டு திரைப்படப் பாடல்களைப் பாடும் பார்வையற்றோர் இசைக்குழுக்களைக் காணாத தமிழ்நாட்டு நகரம் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் திருமூர்த்தி பாடிய ஒரு பாடல் 2019ஆம் ஆண்டில் கைப்பேசிகளின் வழியே நாடெங்கும் பரவியதும், இசையமைப்பாளர் இமான் அவரை அழைத்து ‘சீறு’ படத்தில் பாட வைத்ததும் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

இவ்வளவும் மகிழ்ச்சிக்குரியவையே எனினும், இவற்றினிடையே ஒரு குறை மறைந்து கிடக்கிறது. பாட்டுக்குக் கண் வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்ட சமூகம், ஓட்டத்துக்கும் பந்தாட்டத்துக்கும் முழு உடல் வேண்டும் என்ற அபிப்பிராயத்தை நெடுங்காலம் விடவில்லை. உடற்குறை உடையவன் உட்கார்ந்த இடத்திலிருந்து மற்றவரை மகிழ்விக்கலாம். எழுந்து ஓடி, வியர்த்து, போட்டியிட்டு, தோற்று, வென்று, தானே மகிழ வேண்டும் என்ற நினைவு ஜனங்களுக்கு எழவில்லை. பாடுவோரிடத்திலும் இந்த நிலை தன் முத்திரையைப் பதித்தது. கேட்பவர் மனத்தை இளகச் செய்து காசு போடத் தூண்டும் பாடல்களையே அவர்கள் பாட நேர்ந்தது. தம் உடலின் ஆற்றலைப் பாடும் சந்தர்ப்பம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. ஆகவே இசை என்ற திறந்த வாசலின் வழியே விளையாட்டு என்ற மூடிய வாசலைத் திறக்க முடியுமா என்று ஆராய்வது அவசியமாகிறது.

நெல்லைச் சீமையின் முன்னோடிகள்

இவ்வாராய்ச்சிக்குத் தாமிரபரணிக் கரையைக் காட்டிலும் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், ஃபுளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் செவித்திறன் அற்றோருக்கும் பள்ளிகளைத் தொடங்கினார்கள். தென்னிந்தியாவின் பல பெருநகரங்களில் இத்தகைய எண்ணமே உதிக்காத காலத்தில் எழுந்த இந்த ஸ்தாபனங்கள், கண்ணில்லாத பிள்ளை புடைப்பெழுத்தை விரலால் வாசிக்கலாம், காது கேளாத பிள்ளை கையால் பேசலாம் என்பதை இப்பகுதி ஜனங்களுக்குப் பிரத்தியட்சமாகக் காட்டின.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து இப்போது தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்ததாகிவிட்ட ஆய்க்குடியில், அமர் சேவா சங்கம் 1981ஆம் ஆண்டில் தோன்றிய வரலாறு இன்னும் நம் விஷயத்துக்கு நெருங்கியது. அதை நிறுவிய எஸ். இராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி, கடற்படை அதிகாரிகள் தேர்வுக்கான உடற்பயிற்சிப் பரீட்சையில் கீழே விழுந்து கழுத்தெலும்பில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாகச் சங்கத்துக்குப் பெயரிட்டார். உடலின் வலிமையைச் சோதிக்கும் களத்திலேயே உடலின் இயக்கத்தை இழந்த ஒருவர், பிறருக்கு இயக்கத்தை மீட்டுத் தரும் பணியில் நான்கு தசாப்தங்கள் ஈடுபட்டு, 2020ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார் என்பதை நினைக்கையில், உடற்குறைக்கும் உடற்பயிற்சிக்கும் விரோதம் உண்டென்ற பழைய அபிப்பிராயம் தானே கலைந்துபோகிறது.

சங்கம் தோன்றிய அந்த 1981, ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோருக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்த ஆண்டு. அதே ஆண்டில் தமிழ்த் திரையில் ‘ராஜ பார்வை’ வெளிவந்து, பார்வையற்ற வயலின் கலைஞன் ஒருவனை அனுதாபத்துக்குரிய துணைப்பாத்திரமாக அல்லாமல் காதலும் கோபமும் சுயமரியாதையும் உடைய கதாநாயகனாகக் காட்டியது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பாடல் தடைக்கு உள்ளாயிற்று. அதன் சரித்திரம் நமக்கு மிக்க போதனை தருவது.

தடைசெய்யப்பட்ட பாட்டு மேடை ஏறிய கதை

இயன் டூரி என்ற ஆங்கிலப் பாடகர் ஏழு வயதில் இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளானவர். சர்வதேச ஆண்டு என்ற பெயரில் தம்மைப் போன்றவர்கள்மீது பொழியப்பட்ட இரக்கம் அவருக்குப் பொறுக்கவில்லை. உடற்குறை உடையவர்களை இழிவாகக் குறிக்கும் சொல்லையே எடுத்துத் தம் பெயராக அறிவித்துக்கொள்ளும் ஒரு பாடலை 1981இல் அவர் பாடி வெளியிட்டபோது, பி.பி.சி. வானொலி அதைப் பகல் வேளையில் ஒலிபரப்ப மறுத்துவிட்டது. 31 ஆண்டுகள் கழிந்து, 2012 ஆகஸ்ட் 29ஆம் தேதி லண்டன் பாராலிம்பிக் விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழாவில், மாற்றுத்திறன் கலைஞர்களைக் கொண்ட கிரேயே நாடகக் குழுவினர் அதே பாடலை ஆயிரக்கணக்கான மக்கள் நிறைந்த அரங்கில் முழங்கினார்கள். இசை நடத்துநர் சார்ல்ஸ் ஹேசல்வுட் அமைத்த, உடற்குறை உடைய இசைக் கலைஞர்களின் பாரா ஆர்க்கெஸ்ட்ராவும் அப்போட்டிகளின் நிறைவு விழாவில் வாசித்தது.

2016ஆம் ஆண்டில் ரியோ பாராலிம்பிக் போட்டிகளுக்காகப் பிரிட்டனின் சானல் 4 தொலைக்காட்சி தயாரித்த விளம்பரப் படம் இம்முயற்சியை மேலும் ஒரு படி முன்னெடுத்தது. உடற்குறை உடைய இசைக் கலைஞர்கள் வாத்தியங்களை முழக்க, சக்கர நாற்காலியில் அமர்ந்த பாடகர் ஒருவர் பாட, அந்தப் பாட்டின் லயத்துக்கு இசைய ஓட்டக்காரர்களும் நீச்சல் வீரர்களும் அன்றாட வேலைகளைச் செய்யும் சாதாரண மனிதர்களும், மொத்தத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள், அதில் தோன்றினார்கள். மாற்றுத்திறன் விளையாட்டை அறியாதிருந்த லட்சக்கணக்கானோரின் கவனத்தை அந்தச் சில நிமிஷப் பாடல் ஈர்த்தது.

ஆனால் அப்படத்தைப் பற்றி எழுந்த ஆட்சேபத்தையும் நாம் நிதானமாகக் கேட்க வேண்டும். விளையாட்டு வீரர்களை மனித எல்லையைக் கடந்தவர்களாகப் புகழ்ந்தால், பேருந்தில் ஏற வழியில்லாமல் நிற்கும் சாதாரண மாற்றுத்திறனாளி, ‘நீ ஏன் அவர்களைப் போல் இல்லை?’ என்ற கேள்விக்கு ஆளாக நேரும் என்று மாற்றுத்திறனாளிகளில் பலரே குறை கூறினார்கள். சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஸ்டெல்லா யங், 2014இல் தாம் மறைவதற்குச் சில மாதங்கள் முன்பு ஆற்றிய ஓர் உரையில், மற்றவர்களுக்கு உத்ஸாகம் ஊட்டும் கருவிகளாகத் தங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று வாதிட்டது இதே கருத்தைத்தான். இரக்கம் ஒரு கோடி, அதீதப் புகழ்ச்சி மறுகோடி. இரண்டிலும் மனிதன் காணாமற்போகிறான். இவ்விரண்டுக்கும் இடையே நடக்கும் பாட்டு எது என்பதைக் கண்டுபிடிப்பதே நம் பொறுப்பு.

பிறர் பாடுவதற்கும் தாமே பாடுவதற்கும் உள்ள வேற்றுமையும் இங்கே கருதத்தக்கது. 1968இல் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் அமெரிக்காவின் சிகாகோ நகரில் தொடங்கிய, அறிவுத்திறன் குறைபாடு உடையவர்களுக்கான சிறப்பு ஒலிம்பிக் இயக்கத்துக்காக, 1987இல் புகழ்பெற்ற பாடகர் பலர் சேர்ந்து ஒரு கிறிஸ்துமஸ் இசைத்தட்டை வெளியிட்டார்கள். அதன் வருமானம் அந்த இயக்கத்துக்குப் பேருதவியாக இருந்தது. எனினும் அதில் ஒலித்த குரல்கள் விளையாடுபவர்களின் குரல்கள் அல்ல. பொருள் சேர்க்கப் பிறர் பாடலாம்; மனத்தை மாற்ற வேண்டுமானால் சம்பந்தப்பட்டவரே பாட வேண்டும்.

ஒலியே விதியாகும் ஆட்டங்கள்

பாட்டு எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை அறிவதற்கு, முதலில் அந்த ஆட்டங்களின் இயல்பை அறிய வேண்டும். மாற்றுத்திறன் விளையாட்டுகளில் பலவற்றுக்கு ஒலியே உயிர்.

பார்வையற்றோர் கிரிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். 1922ஆம் ஆண்டில் மெல்போர்ன் நகரத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த பார்வையற்ற தொழிலாளர் இருவர், தகர டப்பாவுக்குள் கற்களைப் போட்டு அதைப் பந்தாக்கி ஆடியதிலிருந்து இந்த ஆட்டம் தோன்றியது. இன்றைய பந்து கடினமான பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளே சிறு இரும்புக் குண்டுகள் குலுங்கும். பந்து வீசுபவர் ஆயத்தமா என்று கேட்டு, மட்டையாளர் பதில் கூறிய பிறகு, ‘பிளே’ என்று குரல் கொடுத்துத் தாழ்கையாகத் தரையில் உருட்டி வீச வேண்டும். பதினொருவரில் குறைந்தது நால்வர் முற்றிலும் பார்வையற்றவராக இருத்தல் வேண்டும். அவர்கள் எடுக்கும் ஒவ்வோர் ஓட்டமும் இரண்டாகக் கணக்கிடப்படும். இதன் முதல் உலகக் கோப்பை 1998இல் புது தில்லியில் நடைபெற்றது. 2023இல் பர்மிங்ஹாமில் நடந்த பார்வையற்றோர் உலக விளையாட்டுகளில் இந்தியப் பெண்கள் அணி ஆஸ்திரேலியாவை வென்று தங்கம் பெற்றது.

இரண்டாம் உலக யுத்தத்தில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக 1946இல் உருவான கோல்பால் என்னும் ஆட்டத்தில், பக்கத்துக்கு மூவர் கண்களை முற்றிலும் மறைத்துக்கொண்டு, 18 மீட்டர் நீளமுள்ள தளத்தில், மணிகள் பொதிந்த 1.25 கிலோ எடைப் பந்தை எதிரியின் கோலுக்குள் உருட்டுகிறார்கள். பந்து உருளும்போது பார்வையாளர் மூச்சும் விடாமல் இருப்பது ஆட்டத்தின் விதி. பார்வையற்றோர் கால்பந்திலும் அப்படியே. பந்து ஒலிக்கும், எதிரியை மறிக்கச் செல்பவர் குரல் கொடுத்தே செல்ல வேண்டும், எதிர்க் கோலின் பின்னால் நிற்கும் வழிகாட்டி திசை சொல்லுவார், கோல் விழுந்த பிறகே கூட்டம் ஆரவாரிக்கலாம். முற்றிலும் பார்வையற்றவர் நீளம் தாண்டும்போது, அழைப்பவர் ஒருவர் கைதட்டியும் குரல் கொடுத்தும் ஓடும் பாதையைச் செவிக்குக் காட்டுகிறார். ஓட்டப் பந்தயத்தில் வழிகாட்டியும் வீரரும் ஒரு சிறு கயிற்றை இருபுறமும் பிடித்துக்கொண்டு, அடியோடு அடி பிசகாமல் ஒரே லயத்தில் ஓடுகிறார்கள்.

விளையாட்டு மைதானத்தில் கூச்சலிடுவதே ரசனை என்று பழகிய நம் ஊரார், இந்த ஆட்டங்களின் எதிரில் முதன்முதலாக அமரும்போது, நல்லெண்ணத்தாலேயே ஆட்டத்தைக் கெடுத்துவிடுவார்கள். எப்போது மௌனமாக இருக்க வேண்டும், எப்போது முழங்க வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரேனும் கற்பிக்க வேண்டும். தாளத்தில் இடைவெளி விட்டு, ‘இங்கே மௌனம், இங்கே முழக்கம்’ என்று கேட்பவரைப் பழக்கிவிடும் ஆற்றல் பாட்டுக்கு உண்டு. வேறெந்தப் பிரசங்கத்துக்கும் அது இல்லை.

இன்னும் ஒன்று உண்டு. செய்தித்தாளில் டி 63, எஸ்.யூ. 5, எஸ்.எச். 6 என்று குறிக்கப்படும் வகுப்புகளின் பொருள் தெரியாதவரை, வாசகருக்கு வெற்றியின் அளவு புலப்படுவதில்லை. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்து, ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கிய மாரியப்பன் தங்கவேலு, உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், டோக்கியோவில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளியும், 2024 பாரிஸில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலமும் பெற்றார் என்ற செய்தியில், அவர் ஒரே காலின் உந்துதலால் ஓர் ஆளின் உயரத்தைக் கடந்தார் என்ற உண்மை பொதிந்திருக்கிறது. பாரிஸில் இந்தியா பெற்ற 29 பதக்கங்களில் தமிழ்நாட்டு வீராங்கனைகள் மூவர் பூப்பந்தில் பெற்றவையும் அடங்கும்: ஒரு கையின் ஆற்றல் குறைந்தவர்களுக்கான வகுப்பில் துளசிமதி முருகேசன் வெள்ளியும் மனிஷா ராமதாஸ் வெண்கலமும், குறை உயரம் உடையவர்களுக்கான வகுப்பில் நித்யஸ்ரீ சிவன் வெண்கலமும் பெற்றார்கள். ஒரு கையின் ஆற்றலையே பெரிதும் நம்பி ஆடுவது எவ்வளவு நுட்பமான பயிற்சி என்பது விளக்கிச் சொல்லப்பட்டால்தான் ‘பாவம்’ என்ற சொல் உதட்டிலேயே நின்றுபோகும். அதன் ஸ்தானத்தில் நியாயமான வியப்பு எழும்.

வில்லுப்பாட்டின் யோக்கியதை

இத்தகைய கதையையும் விளக்கத்தையும் ஒருங்கே சுமக்கும் கலைவடிவம் எது என்று தேடினால், அது நம் சீமையிலேயே இருக்கிறது. திருநெல்வேலி, கன்னியாகுமரி வட்டாரங்களில் சுடலைமாடன், முத்தாரம்மன் முதலிய தெய்வங்களின் கொடைகளில் இரவெல்லாம் நிகழும் வில்லுப்பாட்டு, நீண்ட வில்லில் மணிகளைக் கட்டி, நாணை வீசுகோலால் அடித்து, குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவற்றின் துணையோடு கதை சொல்லும் கலை. நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை இக்கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்து, அவற்றில் சாதாரண ஜனங்களின் சரித்திரம் உறைந்திருப்பதை எடுத்துக் காட்டினார். கொத்தமங்கலம் சுப்பு காந்தியடிகளின் சரிதையை வில்லில் பாடினார். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நகர மேடைக்குக் கொண்டுவந்த இக்கலையை, நெல்லைச் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகம், 2022இல் தாம் மறையும்வரை வளர்த்தார். சுகாதாரம், குடும்பநலம், சிறுசேமிப்பு முதலியவற்றை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல அரசாங்கமும் இதை நாடியதுண்டு. ஆதலின் விழிப்புணர்வுக்கு வில்லைப் பயன்படுத்துவது புதுமை அன்று. அதை மாற்றுத்திறன் இளைஞர்கள் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு, தங்கள் விளையாட்டைப் பாடுவதே புதுமை.

இக்கலையின் அமைப்பே அதற்கு இடம் தருகிறது. வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் எல்லோரும் அமர்ந்தே பாடுகிறார்கள். ஆதலால் கால் வலுவிழந்தவருக்கும் மற்றவருக்கும் அம்மேடையில் உயர்வு தாழ்வு இல்லை. பாடல் ஏட்டைப் பார்த்துப் பாடப்படாமல் நினைவிலிருந்தும் செவியிலிருந்தும் எழுவதால், பார்வையற்றவர் தலைமைப் புலவராக அமர்வதற்கு யாதொரு தடையும் இல்லை. முன்பாட்டுக்காரர் கதையைச் சொல்ல, பின்பாட்டுக்காரர் ‘ஆமாம்’ போட்டும் இடையில் சந்தேகம் கேட்டும் கதையை நகர்த்துவதால், ‘அதென்னங்க, பந்து உருளும்போது மட்டும் பேசக் கூடாதாமே?’ என்று ஒருவர் கேட்க மற்றவர் விளக்குகையில், சபையோர் மனத்தில் எழும் கேள்விகளுக்கெல்லாம் பாடத்தின் கசப்பில்லாமல் விடை கிடைக்கும். முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்காக மருத்துவர் லூட்விக் குட்மன் 1948 ஜூலை 29ஆம் தேதி இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் நடத்திய முதல் போட்டி, பதினாறு பேர் கலந்துகொண்ட வில் வித்தைப் போட்டி. பாராலிம்பிக் இயக்கத்தின் மூலமாகிய அந்தப் போட்டியின் கதையை நெல்லையின் வில்லிலே பாடினால், கேட்பவர் அதை அந்நியக் கதையாகக் கருத மாட்டார்கள்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. வில்லுப்பாட்டின் பழைய நாயகர்களில் பலர் அநியாயமாக உயிரிழந்து பின்னர்த் தெய்வமாக வணங்கப்பட்டவர்கள். துன்பத்தைத் தெய்விகமாக்குவது இக்கலையின் பழக்கம். மாற்றுத்திறன் வீரரைப் பாடும்போது அந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுக்கலாகாது. அவரைத் தெய்வமாக்கினால், மேலே கூறிய அதீதப் புகழ்ச்சி வேறு வேஷத்தில் திரும்பி வந்துவிடும். வீரர் பயிற்சியில் சோர்ந்ததும், நடுவரோடு வாதாடியதும், தோற்ற இரவில் தூங்காததும், மறுநாள் மீண்டும் மைதானத்துக்குச் சென்றதும் பாடப்பட வேண்டும். அவ்வாறு பாடப்படும்போது அவர் நம்மில் ஒருவராகவே நிற்பார்.

பாட்டு என்றாலே செவித்திறன் அற்றவர்கள் வெளியே நிறுத்தப்படுவார்கள் என்ற ஆட்சேபமும் நியாயமானதே. 2022இல் பிரேசில் நாட்டில் நடந்த செவித்திறன் அற்றோர் ஒலிம்பிக்கில் பூப்பந்தில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற மதுரைப் பெண் ஜெர்லின் அனிகாவின் கதையை, அவரைப் போன்ற பிள்ளைகளே அறிய முடியாத வகையில் பாடுவது பெரும் பிழையாகும். அவ்விளையாட்டுகளில் துப்பாக்கி ஓசைக்குப் பதிலாக ஒளி விளக்கால் ஓட்டம் தொடங்குவதைப்போல, மேடையிலும் பாட்டின் ஒவ்வோர் அடியையும் சைகை மொழியில் நிகழ்த்தும் ஒருவர் வில்லுக்குப் பக்கத்திலேயே அமர வேண்டும். குடத்தின் அதிர்வைத் தரைப்பலகையில் உள்ளங்கையால் உணர்ந்து தாளம் பிடிப்பது செவித்திறன் இல்லாத இளைஞருக்கும் இயலக்கூடியதே. காது கேளாத எவலின் கிளென்னி என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அம்மையார், வெறுங்கால்களால் அதிர்வை உணர்ந்து உலகப் புகழ்பெற்ற தாளவாத்தியக் கலைஞராக விளங்குவதே அதற்குச் சான்று.

சட்டமும் செய்கையும்

இசையையும் விளையாட்டையும் இணைத்து நினைப்பது கற்பனை மாத்திரம் அன்று. சட்டமே அவ்வாறு இணைத்து வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றதும் 2007இல் இந்தியா உறுதிசெய்ததுமான மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் உறுப்பு, கலாசார வாழ்வையும் விளையாட்டையும் ஒரே உறுப்பில் சேர்த்துக் கூறுகிறது. தங்களுக்குரிய விளையாட்டுகளில் பங்கு பெறுவதோடு அவற்றைத் தாங்களே ஒழுங்கு செய்யும் வாய்ப்பும் வேண்டும் என்று அது வற்புறுத்துகிறது. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 29ஆம் பிரிவு கலை, பொழுதுபோக்கு பற்றியும், அதை அடுத்த 30ஆம் பிரிவு விளையாட்டு பற்றியும் பேசுகின்றன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். அவர்களில் ஒவ்வொரு இளைஞருக்கும் இவ்விரு பிரிவுகளும் கல்வியைப் போன்றே உரிமையாகின்றன.

நடைமுறையில் செய்யத்தக்கவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. ஆண்டுதோறும் டிசம்பர் 3ஆம் தேதி சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி மாவட்டங்களில் விளையாட்டுப் போட்டிகள் நடக்கின்றன. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப்பிரிவு இருக்கிறது. ஆனால் கூடங்குளத்திலிருந்து பாளையங்கோட்டை மைதானத்தை அடைய நெடுநேரப் பேருந்துப் பயணம் வேண்டும். செய்தி அறிந்தவரே செல்வர், அறிந்தவரிலும் துணைக்கு ஆள் கிடைத்தவரே செல்வர். பாளையங்கோட்டைப் பள்ளிகளின் முன்னாள் மாணவர்களையும் வட்டாரத்து இளைஞர்களையும் கொண்டு, அனுபவம் மிக்க வில்லிசைக் கலைஞர் ஒருவரின் பயிற்சியில் ஒரு குழு அமையுமானால், போட்டிகளுக்கு முந்தைய மாதங்களில் கொடைக்கும் திருவிழாவுக்கும் கூடும் ஊர்களில் அது ஒரு மணி நேரம் பாடலாம். பாட்டின் முடிவில் ஒலிக்கும் பந்தைச் சபையில் உருட்டி, ஊர் இளைஞர்களைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிடிக்கச் சொல்லலாம். போட்டியில் சேர விரும்புவோர் பெயரை அங்கேயே எழுதிக்கொள்ளலாம். கலைஞர்களுக்கு மற்ற வில்லிசைக் குழுக்களுக்குத் தரும் சன்மானத்தையே தர வேண்டும். இலவசமாகப் பாடச் சொல்வது பழைய இரக்கத்தின் மறுவடிவமே ஆகும்.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் சட்டத்தில் விடை உண்டு. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடத்தக்க காரியங்களில் பாராலிம்பிக் விளையாட்டுப் பயிற்சியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நாட்டுக் கலைகளின் வளர்ச்சியும் அதே அட்டவணையில் இடம் பெறுகிறது. கூடங்குளத்தைப் போல ஒரு பெரிய பொதுத்துறை நிறுவனத்தின் நிழலில் வாழும் கிராமங்கள், சாலையும் கட்டடமும் கேட்பதைப்போலவே, ஒரு சமதளமான ஆடுகளத்தையும் சில விளையாட்டுச் சக்கர நாற்காலிகளையும் ஓர் இசைக்குழுவின் ஆண்டுச் செலவையும் உரிமையோடு கேட்கலாம். கிராம சபைக் கூட்டத்தில் இக்கோரிக்கையைத் தீர்மானமாகக் கொண்டுவருவதற்கு மாற்றுத்திறன் இளைஞர்களே முன்வர வேண்டும். அவர்களுக்குப் பின்பாட்டாக ஊரார் குரல் கொடுக்க வேண்டும்.

பாட்டினால் ஒரு மைதானம் தானே எழுந்துவிடாது என்பதை அறியாதவர்கள் அல்லோம். சாய்தளம் இல்லாத வாசலை வில்லின் மணியோசை சமன் செய்துவிடாது. பயிற்சியாளர் இல்லாத குறையை உடுக்கை நிரப்பிவிடாது. ஆனால் வாசலைச் சமன் செய்ய வேண்டும் என்ற விருப்பமும், பயிற்சியாளரை நியமிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் ஜனங்கள் மனத்தில் முதலில் பிறக்க வேண்டும். அவை பிறப்பதற்கு அந்த ஆட்டத்தை அவர்கள் அறிந்து விரும்பியிருக்க வேண்டும். விதி தெரிந்த சபை உண்டானால் ஆட்டத்துக்கு மதிப்பு உண்டாகும். மதிப்பு உண்டானால் களம் கேட்கும் குரலுக்கு வலிமை உண்டாகும். அந்தச் சபையை உண்டாக்கும் பணியை, இசையைத் தன் உடைமையாகக் கொண்ட மாற்றுத்திறன் இளைஞர் கூட்டத்திடம் ஒப்படைத்து, அதற்குரிய ஊதியத்தையும் பயிற்சியையும் மேடையையும் அளிப்பது, தாமிரபரணிச் சீமையின் அரசு அதிகாரிகளும் பள்ளிகளும் கோயில் நிர்வாகங்களும் தேவாலயப் பங்குகளும் இந்த ஆண்டே ஏற்றுக்கொள்ளத்தக்க கடமை.